நோயுற்றவனுக்கு யார் பொறுப்பு?

மூப்பும் பிணியும் சாக்காடும் மக்கட் பிறவிக்குப் பொதுவானவை. இவற்றுள் மூப்பு மெல்ல வருகிறது. சாக்காடு ஒரே முறை வருகிறது. பிணி ஒன்றே காலமும் கணக்கும் இன்றி எந்த நாளிலும் எந்த வீட்டிலும் புகக் கூடியது. பிணி இவ்வாறு எல்லோர்க்கும் பொதுவாயிருக்க, அதைத் தீர்க்கும் வைத்தியம் மட்டும் எல்லோர்க்கும் பொதுவாயில்லை. கையில் பணமுள்ளவன் பிழைக்கிறான். இல்லாதவன் கடன்படுகிறான், அல்லது நோயோடே காலந்தள்ளுகிறான்.

ஆகவே ஒரு வினா எழுகிறது. ஒருவன் நோயுற்றால் அவனுடைய வைத்தியச் செலவுக்கு யார் பொறுப்பு? அவன்தானா? அவன் குடும்பத்தாரா? இரக்கமுள்ள செல்வர்களா? அல்லது அவன் வாழும் சமுதாயம் முழுவதுமா? நோயின்றி வாழும் ஒருவனைப் பார்த்து, ‘பிறன் நோய்க்காக நீயும் உன் பங்கைக் கொடு’ என்று சட்டம் கட்டாயப்படுத்துவது நியாயமாகுமா?

இவ்வினாவைப் பற்றி ஐக்கிய அமெரிக்க நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக ஓயாத விவாதம் நடந்து வருகிறது. அதை நாம் இங்கே ஆராயப் புகுவது அயல்நாட்டு அரசியலில் கட்சி சேர்வதற்காக அன்று. உலகிலேயே மிகுந்த செல்வம் படைத்த ஒரு நாடு இவ்வினாவுக்கு விடை காணாது தடுமாறுகிறதென்றால், அத்தடுமாற்றத்துக்குக் காரணம் பணமின்மையாக இருக்க முடியாது. மனத்திலே வேரூன்றிய ஏதோ ஒரு கருத்தே காரணமாயிருத்தல் வேண்டும். அக்கருத்து யாது, அது நம்மிடத்திலும் உண்டா என்று சோதித்துக் கொள்வதே நம் நோக்கம்.

முதலில் காப்பீடு, அதாவது இன்ஷூரன்ஸ், என்பது யாது என்று தெளிந்து கொள்வோம். தொழிலாளர் குடியிருப்புகளில் மரண சகாய நிதி நடத்துவதை நேயர்கள் அறிவார்கள். நூறு குடும்பத்தார் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்டி வருகிறார்கள். யார் வீட்டில் சாவு நேரும் என்பது எவருக்கும் தெரியாது. எந்த வீட்டில் நேர்ந்தாலும் அந்த வீட்டுக்கு நிதியிலிருந்து உரிய பணம் போய்ச் சேர்கிறது. பெறுகிறவர் தலைகுனிவதில்லை, கொடுக்கிறவர் தருக்கித் திரிவதுமில்லை. ஒருவரால் தாங்கவொண்ணாத சுமை, பலர் தோளில் பகிரப்பட்டபோது இலேசாகிறது. காப்பீட்டின் தத்துவம் முழுவதும் இதிலே அடங்கியுள்ளது.

இந்த எளிய ஏற்பாடு வாணிபமாக மாறும்போது ஒரு சிக்கல் தோன்றுகிறது. ஏற்கெனவே நோயுற்றவன் வந்து சேர விரும்பினால் என் செய்வது? அவனால் செலவு மிகும். அவனைச் சேர்த்தால் எல்லோருடைய கட்டணமும் உயரும். உயர்ந்தால், உடல்நலமுள்ள இளைஞர்கள் ‘நமக்கு எதற்கு’ என்று விலகிப் போவார்கள். அவர்கள் விலகினால் எஞ்சியவர் பெரும்பாலும் நோயாளிகளாயிருப்பர். கட்டணம் மேலும் உயரும். இப்படியே போனால் நிதி வற்றிவிடும். இதற்கு அஞ்சிய அமெரிக்கக் கம்பெனிகள், தனித்தனியே காப்பீடு வாங்க வந்தவர்களிடம் ‘உமக்கு என்ன நோய் இருந்தது?’ என்று முதலிலேயே கேட்கத் தொடங்கின. நீரிழிவு உள்ளவர், புற்றுநோயிலிருந்து மீண்டவர், கருவுற்ற பெண்கள் ஆகியோரையுங்கூடப் பல கம்பெனிகள் சேர்த்துக் கொள்ள மறுத்தன. அல்லது எட்டாத கட்டணம் கேட்டன. ஒரே வயதுடைய ஆணைவிடப் பெண்ணிடம் மிகுதியாகக் கட்டணம் பெறுவதும் பல மாநிலங்களில் வழக்கமாயிருந்தது.

இதன் பயன் என்னவாயிற்று? காப்பீடு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது மறுக்கப்பட்டது. இக்கொடுமைக்குத் தனியொரு தீயவன் காரணமல்லன் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கணக்கெழுதும் குமாஸ்தா தம் கடமையைச் செய்தார். கம்பெனி நஷ்டத்துக்கு அஞ்சிற்று. இளைஞன் தன் சிக்கனத்தைப் பார்த்தான். ஒவ்வொருவரும் தத்தமக்குச் சரியென்று பட்டதைச் செய்ய, விளைவோ கொடுமையாய் முடிந்தது. காரணங்களின் தொடர்ச்சியால் துன்பம் தோன்றுகிறது என்று கற்றவர்களாகிய நமக்கு இது வியப்பளிப்பதன்று. ஒருவரையொருவர் ஏசுவதால் இத்தகைய துன்பம் தீராது. அதைத் தோற்றுவிக்கும் ஏற்பாட்டை மாற்றினால்தான் தீரும்.

மாற்றுவதற்கு அந்நாட்டார் செய்த முயற்சிகள் பல. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-லேயே தொழிலாளர்க்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தார். அமெரிக்காவில் 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தலைமையில் தேர்தலில் நின்ற முற்போக்குக் கட்சி இத்தகைய காப்பீட்டைத் தன் திட்டத்தில் சேர்த்தது, கட்சி தோற்றது. 1915-இல் தொழிலாளர் சட்டச் சீர்திருத்த அன்பர்கள் ஒரு மாதிரி மசோதாவைத் தயாரித்து மாநில சட்டசபைகளின் முன்வைத்தனர். அக்காலத்தில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் நம் பாபாசாகேப் அம்பேத்கர் மாணவராயிருந்தார். அம்மசோதாவும் எங்கும் நிறைவேறவில்லை. 1935-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, எதிர்ப்புக்கு அஞ்சி நோய்க் காப்பீடு விடப்பட்டது. 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் நாடு முழுமைக்கும் பொதுவான காப்பீட்டைக் காங்கிரஸ் சபையிடம் வேண்டினார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிச வைத்தியம் என்று தூற்றிப் பெரும் பிரசாரம் செய்தது. அதுவும் வீழ்ந்தது.

இதற்கிடையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூலி உயர்வுக்குச் சர்க்கார் தடை விதித்திருந்தமையால், ஆட்களைக் கவர விரும்பிய முதலாளிகள் கூலிக்குப் பதிலாக வைத்தியக் காப்பீடு தரலாயினர். அது முதல் அந்நாட்டில் காப்பீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. இதிலுள்ள முரண்பாடு எவருக்கும் விளங்கும். கடும் நோயுற்றவனால் வேலை செய்ய முடிவதில்லை. வேலை போனால் காப்பீடும் போகிறது. குடை தேவைப்படும் மழைநாளில் குடையைப் பறித்துக் கொள்வது போன்றது இது.

முதற்பெரும் வெற்றி 1965-இல் கிட்டிற்று. அவ்வாண்டு ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன், 65 வயது கடந்தோர்க்கு மெடிக்கேர் என்றும், வறியவர்க்கு மெடிக்கெய்டு என்றும் இரு திட்டங்களைச் சட்டமாக்கினார். முதுமையடைந்திருந்த ட்ரூமனின் முன்னிலையில், அவருடைய ஊரான மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகருக்கே சென்று அவர் கையெழுத்திட்டது குறிப்பிடத்தக்கது.

இத்திட்டத்தோடு பிணைந்த ஒரு செய்தியை நம் நேயர்கள் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். அந்நாட்டின் தென் மாநிலங்களில் அப்போது கறுப்பின மக்களுக்குத் தனி வார்டுகள் இருந்தன. சில மருத்துவமனைகளில் அவர்களுக்கு இடமே இல்லை. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, சர்க்கார் பணம் பெறும் எந்த நிலையமும் இன வேற்றுமை காட்டலாகாது என்றது. மெடிக்கேர் திட்டம் 1966 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பிரிவினையைக் கைவிடாத மருத்துவமனைக்குப் பணம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பல தலைமுறைகளாக அசையாதிருந்த சுவர்கள் அசைந்தன. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஆயிரம் மருத்துவமனைகள் தங்கள் பிரிவினையைக் கைவிட்டன. உபதேசத்தால் திறவாத கதவைப் பொதுநிதி திறந்தது. தீண்டாமையின் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. பொதுப்பணத்தில் நடப்பது எவரையும் வெளியே நிறுத்த உரிமையற்றது. இந்த நியதியைத் தனியார் தயவிடமிருந்து பெற முடியாது.

எனினும் முதியவருமல்லாத, மிகவும் வறியவருமல்லாத கோடிக்கணக்கானோர் காப்பின்றியே இருந்தனர். 1993-இல் கிளிண்டன் முயன்று தோற்றார். 2006-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த கவர்னர் ராம்னியின் காலத்தில், எல்லோரும் காப்பீடு பெறவேண்டும் என்ற சட்டம் வந்தது. அதை ஒட்டி ஜனாதிபதி ஒபாமா 2010 மார்ச் 23 அன்று நாடு தழுவிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அது மூன்று கால்களில் நின்றது. ஒன்று, முன்னரே நோயுற்றவர் என்று எவரையும் 2014 முதல் மறுக்கலாகாது. அதற்காகக் கட்டணத்தை உயர்த்தவும் கூடாது. இரண்டு, நோயற்றவர் உட்பட எல்லோரும் சேர வேண்டும். சேராதவர் அபராதம் செலுத்த வேண்டும். மூன்று, கட்டணம் கட்ட இயலாதவர்க்குச் சர்க்கார் உதவ வேண்டும்.

இம்மூன்றனுள் இரண்டாவதே பெரும் போருக்குக் காரணமாயிற்று. ஒரு பொருளை வாங்கும்படி சுதந்திரப் பிரஜையைச் சர்க்கார் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டனர். 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தபோது ஒரு நீதிபதி, அப்படியானால் பிராக்கோலிக் காய் வாங்கும்படியும் மக்களைக் கட்டாயப்படுத்தலாமோ என்று வினவினார். முடிவில் ஐவர்க்கு நால்வர் என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில், அபராதம் ஒருவகை வரி என்ற அளவில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் மெடிக்கெய்டை விரிவுபடுத்துவது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2017 ஜூலையில், சட்டத்தின் முக்கிய பகுதிகளை நீக்கும் மசோதா செனெட் சபையில் 49-க்கு 51 என்ற கணக்கில் வீழ்ந்தது. அதை எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர் மூவருள் ஒருவரான ஜான் மெக்கெயினுக்கு மூளையில் புற்றுநோய் கண்டிருப்பது அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு சட்டத்தால் அபராதம் 2019 முதல் சுழியாக்கப்பட்டது.

இனி, சீர்திருத்தத்தை எதிர்ப்பவர்களின் வாதங்களை நேர்மையோடு ஆராய்வோம். அவர்கள் எல்லோரையும் இரக்கமற்றவர் என்று தள்ளிவிடுவது சம்மா வாசாவாகாது.

முதல் வாதம் சுதந்திரம் பற்றியது. ‘என் உடல், என் பணம், காப்பீடின்றி வாழும் ஆபத்தை நான் ஏற்கிறேன், பிறர் தலையிடுவானேன்?’ என்பது. இது அற்பமான வாதமன்று. கட்டாயம் என்பது எக்காலத்தும் சுமைதான். ஆனால் இவ்வாறு கூறும் மனிதன் நாளை வீதியில் அடிபட்டு விழுந்தால் என்ன நேரும்? அவனை அப்படியே விட்டுவிட எந்த நாகரிக நாடும் உடன்படாது. அமெரிக்காவிலும் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மெடிக்கேர் பணம் பெறும் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பகுதிகள், பணம் இல்லையென்று எவரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பலாகாது. செலவு யார் தலையில் விழுகிறது? காப்பீடு கட்டுபவர் தலையிலும், வரி கொடுப்பவர் தலையிலும் விழுகிறது. ஆகவே தன்னந்தனியே நிற்பதாக எண்ணிய அம்மனிதன் உண்மையில் தனித்து நிற்கவில்லை. பிறர் தாங்குவார்கள் என்ற நிலையில்தான் நிற்கிறான். அந்த உறவை ஒப்புக்கொள்ள மட்டும் மறுக்கிறான். அவன் விரும்பிய சுதந்திரம் முதலிலிருந்தே கிடையாது. பிராக்கோலி வாங்காதவனுக்காக அடுத்தவன் பணம் கட்ட நேர்வதில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது வாதம் தகுதி பற்றியது. ‘குடித்தும் புகைத்தும் கண்டபடி உண்டும் உடலைக் கெடுத்துக் கொண்டவனுக்கு ஒழுங்காக வாழ்பவன் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?’ என்பது. இதிலும் ஓரளவு நியாயமுண்டு. அச்சட்டமே புகையிலை உபயோகிப்பவரிடம் ஒன்றரை மடங்கு வரை கட்டணம் பெறக் கம்பெனிகளை அனுமதித்துள்ளது. ஆயினும் இவ்வாதத்தை முழுவதும் ஏற்றால் அது எங்கே கொண்டு போய்விடும் என்று நம்மைப்போல் அறிந்தவர் வேறொருவர் இல்லை. ‘நீ துன்புறுகிறாய், ஆகவே நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய்’ என்ற நியாயம் இந்நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம் முன்னோர் தலைமேல் வைத்து அழுத்தப்பட்டது. இப்பிறவியிற் குற்றம் காணாவிடில் முற்பிறவியிற் குற்றம் கண்டார்கள். அதனால் இரக்கப்பட வேண்டியவர் இரக்கப்படாமல் தப்பினர். துன்புற்றவரோ துன்பத்தோடு வெட்கத்தையும் சுமந்தனர்.

பகவன் புத்தரிடம் மோளிய சீவகன் என்ற துறவி, மனிதர் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்வதைப் பற்றிக் கேட்டதாகச் சுத்த பிடகம் கூறுகிறது. பித்தம், ஐயம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, பிறருடைய தாக்குதல், வினைப்பயன் என எண்வகைக் காரணங்களை எடுத்துக் காட்டி, யாவும் முன்வினையே என்போர் கண்கூடான உண்மையை மீறிப் பேசுகின்றனர் என்று அவர் விளக்கினார். நோயாளியின் நடத்தையும் ஒரு காரணமாகலாம் என்று அங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் எட்டில் ஒன்றாக மட்டுமே. குழந்தைக்கு வரும் புற்றுநோய்க்கும், சுரங்கத் தூசியால் தொழிலாளிக்கு வரும் நுரையீரல் நோய்க்கும் அவரவரைக் குற்றஞ்சாட்டுவது அறியாமை. குற்றவாளி யார் என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளி இறந்துபோகிறான்.

மூன்றாவது வாதம் அறம் பற்றியது. பௌத்தர்களாகிய நம்மையும் மயக்கக் கூடியது. ‘தானம் மனமுவந்து செய்வது. வரியாகப் பிடுங்கிக் கொடுப்பதில் தானமும் இல்லை, கருணையும் இல்லை. இரக்கமுள்ளவர்கள் தாமே கொடுக்கட்டும், சட்டம் எதற்கு?’ என்பது. இதற்கு விடையாக விநய பிடகத்து நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வோம்.

ஒரு பிக்கு வயிற்றுக் கடுப்பினால் வருந்தி, தன் மலத்திலேயே விழுந்து கிடந்தார். ஆனந்தரோடு விகாரைகளைச் சுற்றி வந்த பகவன் அவரைக் கண்டு, கவனிப்பார் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் பிக்கு. ஏன் என்று கேட்டபோது, தாம் மற்றப் பிக்குகளுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் அவர்களும் தம்மைக் கவனிக்கவில்லை என்றார். இவ்விடையை நேயர்கள் நின்று சிந்திக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் பேசுவதும் இதுவே. நிதிக்கு எதுவும் செலுத்தாதவனுக்கு நிதியிலிருந்து எதுவும் கிடையாது என்ற கணக்கு அது. மிகவும் ஒழுங்கான கணக்குத்தான். ஆனால் பகவன் அக்கணக்கை ஆராயவே இல்லை. நீ ஏன் உதவவில்லை என்று பிக்குவைக் கடியவுமில்லை. நீர் கொணரச் செய்து, தாமே ஊற்றினார், ஆனந்தர் கழுவினார். இருவருமாகத் தலையும் காலும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர்.

அதன் பின் அவர் செய்தது நம் வினாவுக்கு இன்னும் நெருங்கியது. சங்கத்தைக் கூட்டினார். வீடு துறந்து வந்தவர்க்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. ஆகையால் ஒருவரையொருவர் கவனிக்காவிடில் கவனிப்பார் எவருமிலர் என்று உணர்த்தினார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று நோயாளியைத் தம் இடத்தில் வைத்தார். அத்தோடு நின்றாரா? இல்லை. ஆசிரியருண்டேல் ஆசிரியரும், மாணவருண்டேல் மாணவரும், உடன் வாழ்வோர் உண்டேல் அவரும் நோயாளி குணமாகும் வரை கவனிக்க வேண்டும். எவரும் இல்லையேல் சங்கமே கவனிக்க வேண்டும். கவனியாது விடின் அது குற்றம் என்று விதியும் வகுத்தார். கருணையே வடிவான ஒருவர், நோயாளியைப் பிறருடைய கருணையின் வசம் விட்டுவிடவில்லை. இரக்கம் இன்று சுரக்கும், நாளை வற்றும். வேண்டியவனிடத்தில் சுரக்கும், வேண்டாதவனிடத்தில் சுரவாது. நோய்க்கோ நாள் கிழமை கிடையாது. இரக்கம் தவறும் நேரத்திலும் தவறாது நிற்க வேண்டியே விதி தேவைப்படுகிறது.

சங்கத்தில் மனமுவந்து சேர்ந்தவர்க்கு வகுத்த விதியைப் பிறப்பால் பிரஜையானவர்க்குப் பொருத்தலாமா என்று கேட்பீராயின், அக்கேள்வி சரியே. சங்கத்தை விட்டு விலகலாம். நாட்டைவிட்டு எளிதில் விலகவியலாது. ஆகவே நாட்டில் கட்டாயம் என்பது கூடியவரை மென்மையாயிருத்தல் வேண்டும். அமெரிக்க அனுபவமும் இதற்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அபராதம் நீங்கியதும் திட்டம் இடிந்து விழும் என்று பலர் அஞ்சினர். அவ்வாறு நேரவில்லை. 2021-இல் கட்டண உதவி உயர்த்தப்பட்டதும் சேர்வோர் தொகை பெருகி, அச்சட்டத்தின்படி அமைந்த சந்தைகளில் 2025-ஆம் ஆண்டுக்குச் சேர்ந்தோர் 2 கோடி 40 இலட்சத்தைக் கடந்தனர். தண்டனையைவிடக் கைகொடுத்தல் மிகுந்த வலிமையுடையது என்பதற்கு இது சான்று.

அதே விநயத்தில் நோயாளியின் கடமைகளும் கூறப்பட்டுள்ளன. உடலுக்கு ஏற்றதைச் செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், நோயின் நிலையை உள்ளபடி உரைத்தல், வலியைப் பொறுத்தல் ஆகியவை உள்ளவனே கவனிப்பதற்கு எளியவன் என்பது அதன் கருத்து. இவை இல்லாதவனைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்லப்படவில்லை. அவனைக் கவனித்தல் கடினம் என்று மட்டுமே சொல்லப்பட்டது. தகுதி பற்றிய வாதத்துக்கு இதைவிடச் செம்மையான விடையை நாம் அறியோம்.

சட்டம் வந்ததோடு அமெரிக்காவின் துன்பம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. காப்பீடு இல்லாதோர் தொகை 2010-இல் ஏறத்தாழ 5 கோடியாக இருந்து, 2023-இல் 2 கோடி 60 இலட்சம் அளவிற்குக் குறைந்தது. இது பெரும் ஆறுதல், ஆனால் முடிவன்று. டெக்ஸாஸ், புளோரிடா முதலிய பத்து மாநிலங்கள் 2025 வரையிலும் மெடிக்கெய்டை விரிவுபடுத்தவில்லை. காப்பீடு உடையவருங்கூடத் தம் கையிலிருந்து பெருந்தொகை கட்டிய பிறகே கம்பெனி கொடுக்கத் தொடங்கும் திட்டங்கள் பல உள்ளன. 2023-இல் அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம் வைத்தியத்துக்கே செலவாயிற்று. மேற்சொன்ன கட்டண உதவி 2025 டிசம்பரோடு முடிவதாயிருந்ததால், அதை நீட்டிப்பது பற்றிய சச்சரவில் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் மத்திய சர்க்காரின் அலுவல்கள் பல முடங்கின. வைத்தியத்தின் விலையையே தணிக்காமல் காப்பீட்டை மட்டும் விரித்தால், பகிரப்பட்ட சுமையும் சுமையாகவே நிற்கும் என்று சீர்திருத்தத்தை விரும்புவோரும் உணர வேண்டும்.

நம் நாட்டில் இவ்வினா எழுந்தபோது என்ன செய்யப்பட்டது? 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் காலத்தில் 1943-இல் பேராசிரியர் அதார்க்கர் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்க நியமிக்கப்பட்டு, 1944-இல் தம் அறிக்கையைச் சமர்ப்பித்தார். அதன் அடிப்படையில் 1948-இல் தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது, பிறந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் முதலில் நடைமுறைக்கு வந்தது. இதில் தொழிலாளியும் கட்டுகிறான், முதலாளியும் கட்டுகிறார். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். நோயுற்றுப் படுக்கும் தொழிலாளி அங்கே பிச்சை பெறவில்லை. தன் உரிமையைப் பெறுகிறான். பாபாசாகேப் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய சகோதரத்துவம் மேடைப்பேச்சில் மட்டும் தங்காது, மாதச் சம்பளப் பட்டியலிலும் ஏறியதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால் இதன் எல்லைக்கு வெளியே நிற்பவர் யார் என்று பாருங்கள். கூலி வேலை செய்பவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், பெயர்ப் பட்டியலில் இடம் பெறாது சாக்கடையில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரிற் பலர் வெளியே நிற்கின்றனர். நம் உற்றார் உறவினர் அவர்களில் மிகுதி. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மத்திய சர்க்கார் திட்டம், வறிய குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையில் படுக்கையிற் சேராமல், அன்றாடம் வாங்கித் தின்னும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் குடும்பங்களை அரிப்பது அந்த அன்றாடச் செலவில்தான்.

நம் அன்பர் ஒருவருடைய அறுவை சிகிச்சைக்காக ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் துண்டேந்திப் பணம் திரட்டினோம். நல்ல மனத்தோடுதான் எல்லோரும் இட்டார்கள். அவர் குணமடைந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்கு வருவது குறைந்து போயிற்று. நேரிற் சென்று விசாரித்தபோது, ‘எல்லோர் முகத்திலும் என் கடன் தெரிகிறது’ என்றார். நாங்கள் கொடுத்தது பணம். எங்களை அறியாமலே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது அவருடைய தலைநிமிர்வு. அன்றுதான் தானத்துக்கும் பங்கீட்டுக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு விளங்கிற்று. தானத்தில் கொடுப்பவன் உயர்ந்தும் பெறுபவன் தாழ்ந்தும் நிற்கின்றனர். பங்கீட்டில் இருவரும் ஒரே தரையில் நிற்கின்றனர். ஏனெனில் இன்று கொடுப்பவன் நாளை நோயாளி என்பதை இருவரும் அறிவர். தானம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. தானத்தை நம்பி நோயாளியை விடலாகாது என்கிறோம்.

ஆதலின், அமெரிக்கரைத் தடுமாறச் செய்யும் கருத்து யாதென்று கேட்டால், ‘நான் வேறு, நோயாளி வேறு’ என்ற எண்ணமே அது என்போம். நோயற்றவன் என்று ஒரு ஜாதியும், நோயாளி என்று ஒரு ஜாதியும் உலகில் இல்லை. இன்னும் நோயுறாதவரும், முன்னரே நோயுற்றவருமே உள்ளனர். இந்த உண்மையை ஏற்கும் சமுதாயம் சட்டத்தாலோ, சங்கத்தாலோ, இரண்டாலுமோ ஒரு வழி கண்டுகொள்ளும். ஏற்காத சமுதாயத்தைச் செல்வம் எவ்வளவு இருந்தும் காப்பாற்ற முடியாது.

அன்பர்களே, நம் கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் தெருவில் இ.எஸ்.ஐ. பதிவுக்கு உரியவராயிருந்தும் பதியப்படாதவர் யார், சர்க்கார் காப்பீட்டு அட்டைக்கு உரியவராயிருந்தும் பெறாதவர் யார் என்று வீடு வீடாகச் சென்று விசாரித்து எழுதி, உரிய அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுத் தருவோம். அட்டை இல்லாதவர்க்காக நாமே மாதந்தோறும் சிறு பங்கு கட்டி நோய் நிதி ஒன்று தொடங்குவோம். அதில் முதலிற் பதிய வேண்டிய பெயர், இதுவரை சங்கத்துக்கு எந்த உதவியும் செய்யாத நோயாளியின் பெயராக இருக்கட்டும்.